மூத்தம்மாவின் பிறைக்கணக்கு

இலங்கை முஸ்லிம்களின் வரலாறு எழுதப்படும்போதெல்லாம் சில ஆண்டுகள் தவறாமல் வந்துவிடுகின்றன. 1344இல் இப்னு பதூதா பாவா ஆதம் மலைக்கு ஏறியது, 1626ஆம் ஆண்டளவில் கண்டி மன்னன் செனரத் நாலாயிரம் முஸ்லிம்களை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தியது, 1882இல் அறிஞர் சித்தி லெப்பை ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியது, 1915ஆம் ஆண்டுக் கலவரம் என்று அந்தப் பட்டியல் நீளும். இவை எல்லாம் எழுதப்பட வேண்டியவையே. ஆயினும் இந்த வரலாற்றில் ஒரு பெண் ஊர்விட்டு ஊர் போனதாக ஒரு வரியையாவது காண்பது அரிது. எமது பெண்கள் வேலிக்குள் இருந்தார்கள், பயணமும் வணிகமும் ஆண்களுடையவை என்ற எண்ணம் எம்மவர் மத்தியிலேயே உறுதியாக இருந்து வருகிறது.

என் மூத்தம்மா வேலிக்குள் இருந்தவரல்ல. அக்கரைப்பற்றில் பிறந்து, அங்கேயே கலியாணம் முடித்து, 1994இல் அங்கேயே மையத்தான அவர் பள்ளிக்கூடப் படி ஏறியதில்லை. குர்ஆன் ஓதுவார், அறபுத்தமிழ் வாசிப்பார், தமிழ் எழுத்துத் தெரியாது. அப்படிப்பட்டவர் வருடத்தில் ஆறேழு பயணங்களைத் திட்டமிட்டு, காசு சேர்த்து, ஆட்களைக் கூட்டி, போய் வந்தார். அவருடைய வருடத்தை மாதம் மாதமாக மீட்டுப் பார்ப்பது ஒரு குடும்பத்தின் நினைவு மாத்திரமல்ல என்பதே இக்கட்டுரையின் கருத்து. கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்ணுக்கு இந்த நாடு எவ்வளவு தூரம் திறந்திருந்தது, பின்னர் எப்படி மூடிக்கொண்டது என்பதற்கு அது ஒரு சான்று.

மாதங்களின் பெயர்கள்

மூத்தம்மாவின் வீட்டில் கலண்டர் தொங்கவில்லை. அவரிடம் பன்னிரண்டு மாதங்களுக்கும் தனிப் பெயர்கள் இருந்தன. முஹர்ரம் அவருக்கு ஆசுரா மாதம். அடுத்தது சபர். றபீஉல் அவ்வல் மௌலிது மாதம், றபீஉல் ஆகிர் முகைதீன் மாதம். ஜமாதுல் அவ்வல் மதார் மாதம், ஜமாதுல் ஆகிர் மீரான் மாதம். பிறகு றஜபு, விராத்து, நோன்பு, ஆறு நோன்பு, இடையிட்ட மாதம், ஹஜ்ஜு. இரண்டு பெருநாள்களுக்கும் இடையில் வருவதால் துல்கஃதா இடையிட்ட மாதமாயிற்று. முகைதீன் என்றால் பக்தாதில் அடங்கியிருக்கும் அப்துல் காதிர் ஜீலானி, மதார் என்றால் வட இந்தியாவின் ஷாஹ் மதார், மீரான் என்றால் நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது. பக்தாதும் வட இந்தியாவும் நாகூரும் அந்தப் பெயர்களுக்குள் இருந்தன. தமிழ் பேசும் முஸ்லிம்கள் வாழ்ந்த கரையெங்கும் இந்தப் பெயர்கள் சிறு வேறுபாடுகளுடன் வழங்கின.

பிறை வருடம் சூரிய வருடத்தைவிட ஏறத்தாழப் பதினொரு நாள் குறைந்தது. ஆகவே பிறை மாதம் ஒவ்வொரு வருடமும் சற்று முன்னால் நகர்ந்து, முப்பத்திரண்டு முப்பத்து மூன்று வருடங்களில் வேளாண்மைக் காலங்களையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவரும். மூத்தம்மா காலத்தைக் கணித்தது இந்த இரண்டையும் பொருத்தித்தான். “நான் புறந்தது நோம்பு சூடடிப்போட வந்த வருசம் மனே. என்ட உம்மா நோம்போட களவெட்டிக்குச் சோறு அனுப்பினவ” என்பார். பெரும்போகத்துச் சூடடிப்பு மாசி, பங்குனியில் நடக்கும். நோன்பு அந்தக் காலத்தில் வந்தது 1927ஐ ஒட்டிய ஆண்டுகளில். மீண்டும் 1960ஐ ஒட்டி அப்படி வந்தது. மூன்றாம் முறை 1993இல் வந்தபோது அவர் படுக்கையில் இருந்தார். பிறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லாத ஒரு பெண்ணின் வயதை ஓரிரு வருட வித்தியாசத்துக்குள் கணிக்க அந்த ஒரு வசனம் போதுமாயிருந்தது.

வேறு நிகழ்வுகளுக்கும் அவர் சொன்ன கணக்குப் பிசகியதில்லை. “மீரான் பிறை கண்ட கிழமை வெள்ளம் வந்தது” என்பார். கிழக்கைப் புரட்டிப்போட்ட பெருவெள்ளம் 1957 டிசம்பர் கடைசியில் வந்தது. ஹிஜ்ரி 1377இன் ஜமாதுல் ஆகிர் பிறந்ததும் அதே நாள்களில்தான். “ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்சி ரெண்டு கிழமை ஆகல்ல, காத்து அடிச்சது” என்பது 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி. வாய்மொழியை நம்ப முடியாது என்று சொல்லும் ஆய்வாளர்கள் இந்தக் கணக்கின் இலக்கணத்தைத் தெரிந்துகொண்டால் எமது ஊர்களின் எழுதாத வரலாற்றில் பாதிக்குத் திகதி போட்டுவிடலாம்.

வீட்டு மாதங்கள்

வருடத்தின் முதல் மூன்று மாதங்கள் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே கழியும். ஆசுராவில் இரண்டு நோன்பு, நோன்பு திறக்கக் கஞ்சி. சபர் மாதத்தில் கலியாணம் வைக்கமாட்டார்கள். அம்மாதத்தின் கடைசிப் புதன் ஒடுக்கத்துப் புதன். அன்று லெப்பை வந்து வெள்ளைப் பீங்கானில் குங்குமப்பூ மையால் ‘ஸலாம்’ என்று தொடங்கும் ஏழு ஆயத்துகளை எழுதித் தருவார். அதைக் கரைத்த நீரில் ஆளுக்கொரு மிடறு குடித்துவிட்டு, மீதியைக் குளிக்கும் தண்ணீரில் கலப்போம். பிற்பகல் பெண்களும் பிள்ளைகளும் கட்டுச்சோற்றுடன் கடற்கரைக்குப் போவது வழக்கம். வருடத்தின் முதல் வெளிக்கிடுதல் அதுதான்.

மௌலிது மாதத்தில் பன்னிரண்டு நாளும் ஏதாவது ஒரு வீட்டில் சுப்ஹான மௌலிது ஓதப்படும். முன் மண்டபத்தில் ஆண்கள் ஓத, உள்ளே பெண்கள் இருந்து கேட்பார்கள். முடிவில் நார்சா பங்கிடுவார்கள். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் முடித்து வைப்பார்கள், மாப்பிள்ளை அங்கு வந்து சேருவார். ஆகவே சாச்சிமாரும் பெரியம்மாமாரும் ஒரே ஒழுங்கையில், பெரும்பாலும் ஒரே வளவில் இருந்தார்கள். குடி என்னும் தாய்வழி அமைப்பும் இதனோடு சேர்ந்தது. பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு மரைக்காயர்கள் குடி வாரியாகத் தெரிவு செய்யப்பட்டார்கள். பொதுக் கந்தூரிக்குக் குடிக்குக் குடி அரிசியும் காசும் சேர்த்தார்கள். எந்தக் குடியில் எத்தனை அடுப்பு, யார் வீட்டில் கஷ்டம், யாரிடம் எவ்வளவு கேட்கலாம் என்ற கணக்கு மரைக்காயரின் கொப்பியில் இருந்ததைவிட மூத்தம்மா போன்றவர்களின் மனதில்தான் சரியாக இருந்தது.

பெண்கள் சேர்ந்து பயணம் போக முடிந்ததற்கும் இந்த அமைப்புத்தான் அடிப்படை. பக்கத்து வாசல்களில் நான்கு சகோதரிகள் இருக்கும்போது, ஒருத்தி வீட்டைப் பார்த்துக்கொள்ள மூவர் வெளிக்கிடலாம். மாமியாரிடம் அனுமதி கேட்கும் நிலை அவர்களுக்கு இருக்கவில்லை. துணைக்கு வரும் ஆண் பெரும்பாலும் தம்பியாகவோ மருமகனாகவோ இருப்பார்.

ஜெய்லானிக்குப் போன லொறி

வருடத்தின் பெரிய பயணம் முகைதீன் மாதத்தில். இரத்தினபுரி மாவட்டத்தில் பலாங்கொடையிலிருந்து கல்தொட்ட போகும் வழியில் கூரகல மலை இருக்கிறது. எங்களுக்கு அது தப்தர் ஜெய்லானி. அப்துல் காதிர் ஜீலானி நாயகம் பாவா ஆதம் மலையைத் தரிசிக்க வந்தபோது அங்குள்ள குகையில் தவமிருந்தார்கள் என்பது நம்பிக்கை. அவர் 1166இல் பக்தாதில் காலமானார். அவருடைய இலங்கை வருகைக்கு எழுத்துச் சான்று உண்டா என்பது ஒரு கேள்வி. அந்த நம்பிக்கை நாட்டின் நாலா பக்கத்து முஸ்லிம்களையும் வருடத்தில் ஒருமுறை ஒரு மலையில் கூட்டியது என்பது கேள்விக்கிடமில்லாத உண்மை.

எழுபதுகளின் முற்பகுதியில் முகைதீன் மாதம் ஏப்ரல், மே மாதங்களில் வந்தது. பெரும்போகத்து நெல் விற்றுக் கையில் காசு இருக்கும் காலம். நான் எட்டு ஒன்பது வயதில் இருமுறை போயிருக்கிறேன். லொறியின் தட்டில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாய் விரித்து, பக்கங்களுக்குச் சேலை கட்டி மறைத்துவிடுவார்கள். அதிகாலையில் வெளிக்கிட்டால் திருக்கோவில், பொத்துவில், லாகுகல, சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய என்று போய், மலையேறி அப்புத்தளைப் பக்கமாகப் பெலிகுல்ஓயாவுக்கு இறங்கிப் பலாங்கொடையை அடையப் பொழுது சாய்ந்துவிடும். லாகுகலக் குளத்தில் யானை தெரிகிறதா என்று பார்ப்பது பிள்ளைகளின் வேலை. வெல்லவாய தாண்டிக் குளிர் தொடங்கியதும் பெண்களுக்குள் கவி பாடுவது தொடங்கும். ஒருவர் ஒரு கவி சொல்ல, எதிர்மூலையில் இருப்பவர் எதிர்க்கவி சொல்வார். அந்த வாகனத்துக்குள் கேட்ட கவிகளில் சில எந்த நாட்டார் பாடல் தொகுப்பிலும் எனக்கு அகப்படவில்லை.

அது அரிசித் தட்டுப்பாட்டுக் காலமுமாகும். அரிசியை இடத்துக்கிடம் கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடு இருந்தது, வீதிகளில் சோதனைத் தடைகள் போட்டிருந்தார்கள். கந்தூரிக்கு நேர்ந்த அரிசியைக் கொண்டுபோகாமல் இருக்கவும் முடியாது. மூத்தம்மாவும் சகோதரிகளும் அதைத் தலையணை உறைகளில் நிரப்பித் தைத்து, அவற்றின்மேல் தலை சாய்த்து அயர்ந்து தூங்குவதுபோல் இருந்துகொண்டார்கள். சோதனைக்கு ஏறியவர் பெண்கள் தூங்குவதைக் கண்டு இறங்கிவிட்டார். “முகைதீன் ஆண்டவருக்குப் போற அரிசி, அவரே பார்த்துக்கிட்டார்” என்று அந்தக் கதையை மூத்தம்மா பல வருடம் சொல்லிச் சிரித்தார். ஒரு சட்டம் சாதாரணக் குடும்பத்துக்குள் எப்படி நுழைந்தது, எப்படிச் சமாளிக்கப்பட்டது என்பதற்கு இத்தகைய கதைகளைவிட நெருக்கமான பதிவு இருக்காது.

மலையில் எங்கள் நாள்கள் பாறைகளுக்கிடையே கட்டிய கொட்டில்களில் கழிந்தன. சுரங்க மலையையும் கப்பல் மலையையும் பிள்ளைகளுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவார்கள். மலை விளிம்பிலிருந்து பார்த்தால் தெற்கே சமவெளி கண் எட்டும்வரை கிடக்கும். இரவில் பக்கீர்மார் தாயிரா அடித்து றாத்திபு ஓதுவார்கள். ஆனால் மூத்தம்மாவின் பேச்சில் பிற்காலத்தில் அதிகம் வந்தது குகையோ றாத்திபோ அல்ல, அங்கு சந்தித்த பெண்கள்தான். பேருவளை, காலி, மாத்தளை, அக்குறணை, மாவனல்லை என்று பல ஊர்ப் பெண்கள் அடுப்புக்கு அடுப்பு பக்கத்தில் இருந்தார்கள். பேச்சு வேறு, உடுப்பு வேறு, கறிக்குக் கூட்டும் சரக்கு வேறு. எங்கள் வீட்டு வட்டிலப்பத்தில் சாதிக்காய் கூடியது ஒரு மாவனல்லைப் பெண்ணின் சொல்லால் என்று மூத்தம்மா சொல்வார்.

கொடுக்கல் வாங்கலும் நடந்தது. அட்டாளைச்சேனை, பாலமுனைப் பக்கத்தில் பெண்கள் இழைக்கும் பன் பாய்களைச் சுருட்டி மூத்தம்மா கொண்டுபோவார். திரும்பும்போது அந்தக் காசில் கறுவா, கிராம்பு, சாதிக்காய் வாங்கி வருவார். அவற்றில் வீட்டுக்கு வைத்ததுபோக மீதியை ஒழுங்கையில் விற்பார். அடுத்த வருடப் பயணத்துக்கான முதல் காசு அதுதான். எமது வணிக வரலாற்றில் மரக்கலங்களும் தவாளமும் பேசப்படுகின்றன. பாய் கொடுத்துக் கறுவா வாங்கிய இந்தச் சிறு வணிகத்துக்கும் அதில் ஓர் இடம் உண்டு.

மீரான் கொடியும் நாகூரும்

மதார் மாதம் எங்கள் வீட்டில் அமைதியாகப் போய்விடும். அடுத்த மீரான் மாதத்தில் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் கொடி ஏறும். அது நாகூர் ஷாஹுல் ஹமீது நாயகத்தின் பெயரால் அமைந்த தர்கா. பன்னிரண்டு நாள் விழா. அங்கே நாயகத்தின் உடல் அடங்கியிருக்கவில்லை. நாகூரின் நினைவாக எழுந்த இடம் அது. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நாகூர் தர்காக்கள் உள்ளன. தமிழ் முஸ்லிம்கள் கடல் கடந்து போன இடமெல்லாம் நாகூரையும் ஒன்று கட்டிக்கொண்டார்கள். மூழ்கும் கப்பலின் ஓட்டையை முகம் பார்க்கும் கண்ணாடியால் அடைத்துக் காப்பாற்றியவர் என்ற கதை கடலோடிகளின் கதை. மீனவர் வாழும் கரையில் அவருக்கு ஒரு பள்ளி இருப்பது இயல்பு.

மூத்தம்மாவின் உம்மா உண்மையான நாகூருக்கே போனவர். முப்பதுகளில் மட்டக்களப்பில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி நாகூர்க் கந்தூரிக்குப் போய் வந்திருக்கிறார். மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல், தலைமன்னார் – தனுஷ்கோடி கப்பல் சேவை 1914 முதல் நடந்தது. ஆக, ஒரு கிழக்கிலங்கைப் பெண்ணுக்கு அந்நாளில் நாகூர் கொழும்பைப்போல் போய்வரக்கூடிய ஊராக இருந்தது. சுதந்திரத்தின் பின் கடவுச்சீட்டும் விசாவும் வந்தன. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. இராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் எண்பதுகளின் நடுப்பகுதியில் யுத்தத்தோடு நின்றது. தாய் நாகூருக்குப் போனார், மகள் கல்முனைக்குடிக்குப் போனார். இரண்டு தலைமுறைக்குள் எல்லை எவ்வளவு சுருங்கியது என்பதற்கு இதைவிடச் சுருக்கமாக ஓர் அட்டவணை தயாரிக்க முடியாது.

கல்முனைக்குடிக்கு முன்பு கூண்டு வண்டி, பின்னர் இ.போ.ச. பஸ். அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில் கடந்து, களியோடைப் பாலம் ஏறி, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என்று ஊர்களைப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டு வருவோம். எழுபதுகளில் மீரான் மாதம் ஜூன், ஜூலையில் வந்ததால் கடல் குளம்போலக் கிடக்கும். கரைவலை இழுக்கும் காலம் அது. கடற்கரை மணலில் பாய் விரித்து இரண்டு இரவு தங்குவோம். வளையல், பஞ்சு மிட்டாய், மஸ்கற், ஊதுகுழல் என்று கடைகள் நிறைந்திருக்கும். மூன்றாம் நாள் மருதமுனைக்குப் போய்க் கைத்தறிச் சாரமும் சேலையும் வாங்கினால்தான் மூத்தம்மாவுக்கு அந்தப் பயணம் நிறைவாகும். நெசவுக்காரரின் வீட்டுக்கே போய், நூலைத் தடவிப் பார்த்துத்தான் வாங்குவார். நோன்புப் பெருநாள் உடுப்புக்கான துணி ஏறத்தாழ நான்கு மாதம் முன்னதாகவே இப்படி வீடு வந்துவிடும்.

நோன்பு, பெருநாள், கதிர்காமம்

றஜபும் விராத்தும் நோன்புக்கு ஆயத்தமாகும் மாதங்கள். விராத்து இரவில் மூன்று யாசீன் ஓதி, ரொட்டியும் வாழைப்பழமும் பங்கிடுவார்கள். மூத்தம்மாவின் பங்கு ரொட்டி எப்போதும் எங்கள் ஒழுங்கையோடு நிற்காது. மையத்தான ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி ஒரு வீட்டுக்கு அனுப்புவார். அந்தப் பெயர் வரிசை எங்கள் குடும்ப மரம். நோன்பில் பயணமில்லை. கஞ்சி, தறாவீஹ், பின்னேரங்களில் பெண்கள் கூடிக் குர்ஆன் தமாம் செய்வது, சில வீடுகளில் ‘நூறு மசலா’ வாசிப்பது என்று மாதம் போகும். நோன்புப் பெருநாள் பிறைக்குக் கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் அறிவிப்பை வானொலியில் கேட்போம். ஆனாலும் மூத்தம்மா கடற்கரைப் பக்கம் போய் வந்த யாரையாவது பிடித்து விசாரித்த பின்தான் வட்டிலப்பத்துக்குத் தேங்காய் துருவுவார்.

பிறைக்கணக்கின் மாதங்களோடு சேராத ஒரு பயணமும் அவருக்கு இருந்தது. கதிர்காமத்தில் ஹிழ்று நபியின் பெயரால் ஒரு பள்ளிவாசல் உண்டு. அங்கு முஸ்லிம்கள் கொடியேற்றுவது கோயிலின் எசல விழாவோடுதான். அதனால் அது எப்போதும் ஜூலை, ஆகஸ்டிலேயே வந்தது. அந்த நாள்களில் வடக்கிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கதிர்காமப் பாதயாத்திரை போகும் இந்துக்கள் எங்கள் ஊர் வழியாகப் பொத்துவில், உகந்தை நோக்கி நடப்பார்கள். அவர்களுக்கு முஸ்லிம் வீடுகளில் தண்ணீரும் மோரும் கொடுப்பார்கள். மூத்தம்மா ஒரு நேத்திக்கடனுக்காக 1968ஐ ஒட்டி இருமுறை பஸ்ஸில் அங்கு போனார். வழியில் தண்ணீர் குடித்த தம்பிலுவில் கிழவி ஒருவரைக் கதிர்காமத்தில் அடையாளம் கண்டு, இருவரும் ஒரே மரத்தடியில் வேறு வேறு அடுப்பு மூட்டிச் சமைத்திருக்கிறார்கள். பின் பல வருடங்கள் அந்த அம்மா சித்திரை வருடத்துக்குப் பலகாரம் அனுப்பினார். இங்கிருந்து பெருநாளுக்குத் தொதல் போனது.

வயல் வாடிக்குப் போவதும் பெண்களுக்கு ஓர் உலாத்தாகவே இருந்தது. 1951இல் சேனாநாயக்க சமுத்திரம் கட்டி முடிந்த பின் எங்கள் பகுதியின் பல வட்டைகளுக்கு இரண்டு போகத்துக்கும் தண்ணீர் வந்தது. சூடடிக்கும் காலத்தில் களவெட்டிக்குள் பெண்கள் இறங்குவதில்லை. ஆனால் வாடியில் தங்கிச் சமைத்து, புது நெல்லில் பாச்சோறு ஆக்கி முதல் பங்கைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள்.

சுருங்கிய வட்டம்

இந்த வட்டம் ஒரே நாளில் உடையவில்லை. 1985 ஏப்ரலில் அம்பாறைக் கரையோரத்தில் தமிழ் – முஸ்லிம் கலவரம் வெடித்தது. அதன்பின் நிந்தவூருக்கும் சாய்ந்தமருதுக்கும் இடையில் காரைதீவைக் கடப்பது இருதரப்பாருக்கும் அச்சமானது. தம்பிலுவில் பலகாரம் நின்றது அந்த வருடம்தான். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி, ஆசுராவை ஒட்டிய வெள்ளிக்கிழமை, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் ஒக்டோபர் இறுதியில், முகைதீன் மாதத்தில், வடக்கு முஸ்லிம்கள் அவர்களால் முழுமையாக வெளியேற்றப்பட்டார்கள். அந்த வருடத்துடன் எங்கள் வீட்டிலிருந்து ஜெய்லானிப் பயணம் நின்றது. பொத்துவில் பாதையில் இரவில் வாகனம் போகாது, பகலிலும் நிச்சயமில்லை. தூர வயல்கள் பல கைவிடப்பட்டன. அவற்றோடு வாடிச் சோறும் போனது.

யுத்தம் மாத்திரம் காரணமல்ல. எழுபதுகளிலிருந்தே கந்தூரி, கொடியேற்றம், றாத்திபு ஆகியவற்றின் மார்க்க நிலை பற்றிய விவாதம் எமது ஊர்களில் வலுப்பெற்று வந்தது. எண்பதுகளின் பின் பல குடும்பங்கள் இவற்றை விட்டுவிட்டன. எங்கள் குடும்பத்திலும் இரண்டு கருத்தும் உண்டு. அந்த விவாதத்தில் தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. ஆனால் அதில் கவனிக்கப்படாமல்போன ஒன்றைச் சொல்லவேண்டும். ஊர் ஜும்ஆப் பள்ளியில் பெண்களுக்கு இடம் இருக்கவில்லை. தர்காவும் கடற்கரையும் மலையும்தான் அவர்கள் சமயத்தின் பெயரால் பொதுவெளிக்கு வந்த இடங்கள். அவை நின்றபோது ஆண்கள் ஒரு சடங்கைத்தான் விட்டார்கள், பள்ளி அவர்களுக்கு இருந்தது. பெண்கள் சடங்கோடு பயணத்தையும், தோழியரையும், சிறு வணிகத்தையும், கவியையும் சேர்த்து இழந்தார்கள். அதற்குப் பதிலாக அவர்களுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்று நீண்ட காலம் எவரும் கேட்கவில்லை.

2004 டிசம்பர் 26, இடையிட்ட மாதத்துப் பௌர்ணமி. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளைக் கடல் விழுங்கியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாங்கள் பாய் விரித்த மணலை அடுத்திருந்த வீடுகள் அடையாளமின்றிப் போயின. 2013இல் கூரகலயைச் சூழ பௌத்த கடும்போக்கு அமைப்புகளின் எதிர்ப்பு எழுந்து, ஏப்ரலில் அங்கிருந்த கட்டடங்கள் பல அகற்றப்பட்டன. முஸ்லிம்கள் அங்கு எவ்வளவு காலமாக, எப்படிப் போய் வந்தார்கள் என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. பலாங்கொடையின் நீண்டகால நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அபூசாலி அவர்கள் அந்தத் தலம் பற்றி ஒரு நூல் எழுதி வைத்திருந்தது அன்று கைகொடுத்தது. ஆனால் வருடா வருடம் பாய் சுருட்டிக்கொண்டு போன ஆயிரக்கணக்கான பெண்களின் சாட்சியம் எந்த ஆவணத்திலும் இருக்கவில்லை. எழுதப்படாத பயணம், தேவைப்படும்போது நடக்காத பயணமாகிவிடுகிறது.

இழப்பை மட்டும் கூறுவது நியாயமாகாது. 1996இல் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உருவானது. மூத்தம்மா பன் பாய் வாங்கிய ஊர்களின் பேத்திமார் இன்று அங்கு பட்டம் பெறுகிறார்கள். எழுத்துத் தெரியாத அவர், தன் கொள்ளுப்பேத்தி விரிவுரைக்குப் போவதைக் கண்டால் கடற்கரைப் பள்ளிக்கு ஒரு சட்டிப் பாச்சோறு நேர்ந்திருப்பார். உம்ராவுக்குப் பெண்கள் விமானத்தில் போய் வருகிறார்கள். ஆனால் மக்காவுக்குப் போய்வந்த என் உறவுப் பெண்கள் சிலர் பலாங்கொடையைப் பார்த்ததில்லை, தம்பிலுவிலில் ஒருவரையும் அறியமாட்டார்கள். உலகம் அவர்களுக்கு விரிந்தது, நாடு சுருங்கியது.

வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வெளிவந்தபோது, ஒரு பிரதேசத்தின் வாழ்க்கையை அங்குள்ளவரே எழுதிவைக்க முடியும் என்பது தெரிந்தது. பேராசிரியர் ம. மு. உவைஸ் எங்கள் புலவர்களின் ஏடுகளைத் தேடிச் சேர்த்தார். ஏடு எழுதாத எங்கள் பெண்களின் வருடத்தைச் சேர்ப்பது இப்பொழுது எமது கடமை. அதற்குப் பெரிய ஆய்வு நிறுவனம் வேண்டியதில்லை. வீட்டிலுள்ள மூத்த பெண்ணிடம் நான்கு கேள்விகள் கேட்டு எழுதிக்கொண்டால் போதும். எந்த மாதத்தில் எங்கே போனீர்கள்? யாரோடு போனீர்கள்? எதைக் கொண்டுபோய் எதைக் கொண்டுவந்தீர்கள்? எந்த வருடம் நின்றது, ஏன்? பதில்களில் வரும் நோன்பையும் சூடடிப்பையும் பொருத்தினால் ஆண்டு தானாகக் கிடைக்கும். காத்தான்குடி, ஏறாவூர், மூதூர், புத்தளம், மன்னாரிலிருந்து வெளியேறியோர், தெற்கின் கரையோர ஊர்கள் என்று ஒவ்வோர் இடத்திலிருந்தும் பத்துப் பெண்களின் வருடம் எழுதப்பட்டால், இந்தத் தீவில் எமது சமூகத்துப் பெண்கள் நடந்த பாதைகளின் படம் ஒன்று உருவாகும்.

கல்முனைக்குடியில் மீரான் மாதத்தில் இன்றும் கொடி ஏறுகிறது. அந்த மாதத்தின் பெயர் ஏன் மீரான் என்று கேட்டால் சொல்லக்கூடிய பெண்கள் எங்கள் ஊரில் இன்னும் ஒரு சிலர் இருக்கிறார்கள். அவர்களில் இளையவருக்கும் எண்பது வயது தாண்டிவிட்டது.